சத்தமில்லாச் சாலைகள்

என் அக்காவின் கணவர் ஒரு சாலையைப் பாராட்டி எழுதினால் அந்தச் சாலை உருப்படாது. வயிற்றெரிச்சலில் சொல்லவில்லை. சைக்கிள் ரிப்பேர் கடை வைத்திருக்கிறவள் என்ற முறையில் கண்ணால் பார்த்துத்தான் சொல்கிறேன். அத்தான் போடுகிற வழிகாட்டிப் புத்தகத்தின் பெயர் 'சத்தமில்லாச் சாலைகள்'. ஆறு அறுத்துக்கொண்டு போகும் மலை இடுக்குகள், அவற்றுக்கு மேலே விரியும் சுண்ணாம்புப் பாறை மேட்டுநிலங்கள், அங்கெல்லாம் வண்டி வராத சாலைகளாகப் பார்த்து, சைக்கிள்காரர்களுக்கு வரைபடத்தோடு அள்ளிக் கொடுக்கும் புத்தகம். அது கடைக்கு வந்த வாரமே அந்தச் சாலையில் மினுக்குச் சட்டைக் கூட்டம் வந்து இறங்கும். அவர்களுடைய பைகளைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே வேன்கள் வரும். சைக்கிளில் எடை குறைய வேண்டும் என்று என் கடையில் வந்து ஆணியைக் கூட மாற்றச் சொல்லும் ஆசாமிகள், தங்கள் தொப்பையைப் பற்றி மட்டும் வாய் திறக்க மாட்டார்கள்.

அத்தானும் சைக்கிள் ஓட்டுவார், இல்லையென்று சொல்ல மாட்டேன். இறக்கத்தில் ஓட்டுவார். ஏற்றம் வந்தால் முழங்கால் வலிக்கும், இல்லாவிட்டால் போட்டோ எடுக்க நல்ல வெளிச்சம் வந்துவிடும். ஏறுவது, வழி தேடுவது, முட்டுச் சந்தில் மாட்டிக்கொண்டு திரும்புவது எல்லாம் அக்கா. அவள் கைப்பிடியில் மாட்டியிருக்கும் சின்னக் கருவி போன வழியைப் பதிந்துகொள்ளும். அதை வீட்டுக் கம்ப்யூட்டரில் ஏற்றினால் வரைபடத்தின் மேல் ஒரு கோடு விழும். அந்தக் கோடுதான் புத்தகம்.

திறந்தவெளியில் கோடு ஒழுங்காக விழும். செங்குத்துப் பாறைகளுக்கு நடுவே போனால் கருவிக்குப் பைத்தியம் பிடித்துவிடும். வானத்திலிருந்து வரும் சிக்னல் பாறையில் மோதித் தெறித்து வருவதால், நாம் ஆற்றின் இந்தக் கரையில் போனால் அது அந்தக் கரையில் போனதாகப் பதியும். போதாக்குறைக்கு, கம்ப்யூட்டர் அந்தக் கிறுக்கலைப் பக்கத்தில் எந்தச் சாலை இருக்கிறதோ அதன் மேல் ஒட்டவைத்து அழகாகக் காட்டும். அக்கா ஒவ்வொரு தடவையும் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து, வளைவு வளைவாக யோசித்து, கோட்டை இழுத்துச் சரியான கரையில் வைப்பாள். அத்தான் அப்போது சோபாவில் சாய்ந்துகொண்டு முன்னுரைக்கு வார்த்தை தேடுவார். அவரைப் பொறுத்தவரை துவைத்த சட்டை தானாக அலமாரிக்குப் போகிற மாதிரி, கோடும் தானாகச் சரியாகிவிடும்.

இத்தனைக்கும் எந்தப் பதிப்பிலும் அக்கா பெயர் கிடையாது. நன்றியுரையின் கடைசி வரியில் மட்டும், 'சூடான தேநீருக்காக என் மனைவிக்கு' என்று இருக்கும். அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அக்கா சிரித்துவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவாள்.

ஒரே ஒரு சாலையை மட்டும் அவள் யாருக்கும் தரவில்லை. பாலத்தைத் தாண்டாமல் இடப்பக்கம் திரும்பினால் ஆற்றை ஒட்டியே போகும் ஒற்றைச் சாலை அது. பாறை தலைக்கு மேலே குடை பிடித்திருக்கும், அதிலிருந்து நீர் சொட்டிக்கொண்டே இருக்கும். வளைந்து வளைந்து ஏறி மேலே போனால் மேட்டுநிலம். அங்கே ஓடையும் இல்லை, மரமும் இல்லை. பெய்கிற மழையையெல்லாம் சுண்ணாம்புப் பாறை விழுங்கிவிடும். சாம்பல் கல்லும் குட்டைப் புல்லும் காற்றும்தான். என்னை ஒரு தடவை கூட்டிக்கொண்டு போனாள். "இது மட்டும் எனக்குடி" என்றாள். அவள் எதையும் 'எனக்கு' என்று சொல்லி நான் கேட்டது அன்றைக்குத்தான்.

புதிய பதிப்புக்குச் சாலை போதவில்லை என்றதும் அத்தான் செய்த காரியத்தைக் கேளுங்கள். சார்ஜ் போட்டிருந்த அக்காவின் கருவியை எடுத்து, அதிலிருந்த அந்த வழியைக் கை கூசாமல் நகலெடுத்துக்கொண்டார். நான் ரிப்பேர் செய்த சக்கரத்தைக் கொடுக்க வீட்டுக்குப் போனபோது, ஏதோ அவரே மலையேறி வந்தது போலத் திரையைக் காட்டிக்கொண்டிருந்தார்.

"இதை மட்டும் விட்டுடுங்க" என்றாள் அக்கா. "நான் இதுவரைக்கும் உங்ககிட்ட எதுவும் கேட்டதில்லை."

"சாலை என்ன உங்க அப்பா வீட்டுச் சொத்தா? நல்லதை நாலு பேருக்குச் சொல்லணும். அதான் என் கொள்கை."

கொள்கையாம்! திருட்டுக்கு இப்படி ஒரு பெயர் இருப்பது எனக்கு அதுவரை தெரியாது.

"கோடு எவ்வளவு சுத்தமா விழுந்திருக்கு பாரு! ஒரு நெளிசல் இல்லை" என்றார்.

நான் எட்டிப் பார்த்தேன். கோடு பாலத்தைத் தாண்டி எதிர்க்கரைக்குப் போயிருந்தது. எதிர்க்கரையில் இருப்பது கல்குவாரிச் சாலை. நான் வாயைத் திறப்பதற்குள் மேஜைக்கு அடியில் அக்கா என் காலை மிதித்தாள். நன்றாகவே மிதித்தாள். பிறகு திரையை வெகுநேரம் பார்த்துவிட்டு, "அழகா இருக்குங்க" என்றாள்.

புத்தகம் வந்தது. அந்தச் சாலையைப் பற்றி, தான் போகாத அந்தச் சாலையைப் பற்றி, அத்தான் உருகி உருகி எழுதியிருந்தார். 'இங்கே உங்கள் மூச்சுச் சத்தமே உங்களுக்குத் தொந்தரவாகத் தோன்றும்' என்று ஒரு வரி. வெளியீட்டு விழாவையே அந்த வழியில் சைக்கிள் பயணமாக வைத்தார். புத்தகத்தைப் பதிப்பிக்கும் அம்மா வந்தார், வாசகர் கூட்டம் வந்தது. நான் ரிப்பேர் பையோடு கடைசியில் போனேன். மேட்டுநிலத்தின் உச்சியில் டீயோடு காத்திருக்கும்படி அக்காவுக்கு உத்தரவு. அவள் விடிந்ததுமே பிளாஸ்க்கைக் கட்டிக்கொண்டு தன் சாலையில் ஏறிப் போய்விட்டாள்.

அத்தான் அன்றைக்கு ஓட்டியது பேட்டரி சைக்கிள். பாலத்துக்கு வந்ததும் அவர் கைப்பிடியில் இருந்த கருவி, தாண்டி எதிர்க்கரைக்குப் போகச் சொன்னது. அங்கே 'கல்குவாரி, கனரக வாகனங்கள் கவனம்' என்று ஆள் உயரத்துக்கு ஒரு பலகை நின்றது.

"சார், குவாரின்னு போட்டிருக்கே?" என்று ஒருவர் கேட்டார்.

"பழைய போர்டு. கருவி பொய் சொல்லாது. வாங்க, வாங்க!"

போனோம். முதல் லாரி வந்தபோது எல்லோரும் பள்ளத்தில் ஒதுங்கினார்கள். அடுத்த லாரி வந்தபோது யாருக்கும் முகம் தெரியவில்லை. அடுத்தடுத்து லாரிகள் வந்ததில், மினுக்குச் சட்டைகள் எல்லாம் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி வெளுத்துப்போய்விட்டன. இருமல், ஹாரன், வசவு. சத்தமில்லாச் சாலையில் ஒருவர் பேசுவது ஒருவருக்குக் கேட்கவில்லை. எனக்கு அப்படி ஒரு திருப்தி. கடைசியில் குவாரியின் இரும்புக் கதவில் போய் முட்டி நின்றோம். காவலாளி எங்களை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "வேலைக்கு வந்தீங்களா?" என்று கேட்டார்.

அத்தான் முகத்தில் ஈயாடவில்லை. போனை எடுத்து அக்காவை அழைத்தார். லாரிச் சத்தத்தில் காது கேட்காததால் ஸ்பீக்கரைப் போட்டார். எல்லோரும் சுற்றி நின்றோம்.

"எங்கே இருக்கே?"

"நீங்க சொன்ன இடத்துலதான். டீ ஆறிட்டிருக்கு. ஏன், இன்னும் வரலையா?"

"நாங்க குவாரியில நிக்கறோம்! கோடு இந்தப் பக்கம் விழுந்திருக்கு! எப்பவும் நீதானே சரிபண்ணுவே? இந்தத் தடவை ஏன் பண்ணலை?"

பதிப்பாளர் அம்மா தூசி படிந்த கண்ணாடியைக் கழற்றினார். "எப்பவும் யார் சரிபண்ணுவாங்க?" என்று கேட்டார். போனில் காற்று மட்டும் வீசிக்கொண்டிருந்தது.

"கோடா? எனக்கு என்னங்க தெரியும்?" என்றாள் அக்கா. "நான் டீ போடறவதானே. புத்தகத்துலயே அப்படித்தான் இருக்கு."

அதற்கு மேல் அங்கே எனக்கு வேலை இல்லை. யாருடைய டயரிலோ காற்றுப் போயிருந்தது, புத்தகத்தைப் பார்த்து ஒட்டிக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன். பாலத்தைத் தாண்டித் திரும்பி வந்து அக்காவின் சாலையில் ஏறினேன். பாறை சொட்டிக்கொண்டிருந்தது. மேலே போகும்வரை எதிரே ஒரு ஆள் வரவில்லை.

அக்கா சாம்பல் கல் ஒன்றின்மேல் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். தூரத்தில் எதிர்க்கரைக்கு மேலே வெள்ளைத் தூசி எழும்பிக்கொண்டிருந்தது. பிளாஸ்க்கைத் திறந்து எனக்கு ஊற்றிக் கொடுத்தாள்.

வாயில் வைக்க முடியவில்லை. என் அக்காவுக்கு என்றைக்குமே டீ போட வந்ததில்லை.