கறைபடாத நாக்கு

நோன்பு மாதத்தில் எங்கள் பழவேற்காட்டுப் பிள்ளைகள் ஒருவர் நாக்கை ஒருவர் நீட்டச் சொல்லிப் பார்ப்பார்கள். காய்ந்து வெளுத்திருந்தால் நோன்பாளி. கறுத்திருந்தால் வேலியோரம் ஒளிந்து உண்ணிப்பழம் தின்ற திருட்டுக் கழுதை. என் மகள் நசீராவுக்கு எட்டு வயது. ஐம்பத்தைந்தாம் வருஷத்துச் சித்திரை வெயிலில் அவளுக்கு முதல் நோன்பு. நோன்பு திறக்கத் தெருவையே அழைத்திருந்தேன். பெருமை தலைக்கேறியிருந்தது, சொல்வதற்கென்ன.

சாயங்காலம் கொல்லையில் வாந்தி எடுத்துவிட்டு வந்து சுருண்டு படுத்தாள். என்ன தின்றாய் என்று அதட்டினேன். நாக்கை நீட்டினாள். சுத்தமாக இருந்தது. பசி மயக்கம் என்று நானே முடிவு கட்டினேன். ஜுரத்துக்குச் செய்வதுபோல், வேலியிலிருந்த உண்ணிச்செடியின் இலையைப் பறித்துக் கொதிக்கவைத்து உடம்பைத் துடைத்துவிட்டேன். அடுத்த வீட்டு கமர் நிஷா வந்து, சின்னப் பிள்ளைக்கு நோன்பு கடமையில்லை, தண்ணீரைக் கொடு என்றாள். இன்னும் இரண்டு மணி நேரம்தானே என்று அவள் வாயை அடைத்தேன். அந்த இரண்டு மணி நேரத்தை இனி யாரிடம் போய்க் கேட்பேன்?

பள்ளிவாசலில் பாங்கு சொன்னதும் கஞ்சியை அவள் வாயில் வைத்தேன். இறங்கவில்லை. மூச்சு இழுக்கத் தொடங்கியது. கணவர் சரக்கோடு மதராசுக்குப் போயிருந்தார். நானே அவளைத் தூக்கிக்கொண்டு டிஸ்பென்சரிக்கு ஓடினேன்.

பிள்ளை என்ன தின்றாள் என்று டாக்டர் மூன்று முறை கேட்டார். எச்சில்கூட விழுங்கவில்லை என்று மூன்று முறையும் அடித்துச் சொன்னேன். அவர் என்னை விட்டுவிட்டு அவள் காதருகே குனிந்தார்.

“இன்னா துன்னே கண்ணு? யாரும் அடிக்க மாட்டாங்க, சொல்லு.”

அவள் என்னைத்தான் பார்த்தாள். “உண்ணிக்காய். பழம்னா நாக்கு கறுத்துடும். அதான் பச்சையா துன்னேன்.”

பச்சைக்காய் விஷம் என்றார் டாக்டர். மாலையிலேயே சொல்லியிருந்தால் என்று ஆரம்பித்தவர், என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டு, வயிற்றைக் கழுவக் குழாய் எடுத்துவர ஓடினார்.

நசீரா என் முந்தானையை இழுத்தாள். “உம்மா, நோன்பு முறிஞ்சிடிச்சா?”

“இல்லடி. நீ நோன்பாளிதான்.”

நம்பினாளோ என்னவோ, பழக்கத்தில் நாக்கை நீட்டிக் காட்டினாள். ஒரு பொட்டுக் கறையில்லை. டாக்டர் குழாயோடு திரும்பியபோது மூச்சு நின்றிருந்தது.

நோன்பு திறக்க நான் அழைத்த தெருவே அவளுடைய மய்யித்தைத் தூக்கவும் வந்தது.