இருபது உக்கி

வேப்பங்கம்பு கெண்டைக்காலில் விழுந்ததும் உமாராணி நின்றுவிட்டாள். குற்றாலம் சாலையில் விடிந்து வெகுநேரம் ஆகியிருக்கவில்லை. சாரல் விழுந்துகொண்டிருந்தது. பின்னாலேயே சைக்கிளில் வந்த அவள் கணவன் சங்கரபாண்டி ஒரு காலைத் தரையில் ஊன்றினான்.

"ஏன் நின்ன? ஓடுட்டி."

"இடுப்பு விட்டுப்போவுதுங்க. கொஞ்சம் நடக்கேன்."

"நடந்தா கொழுப்பு கரையுமா?"

அவளுக்கு நாற்பத்தாறு வயது. இளையவள் பிறந்ததிலிருந்து இருந்த இடுப்புவலி, சில வருடங்களாக முழங்காலுக்கும் இறங்கியிருந்தது. புரண்டு படுக்கக்கூடக் கட்டில் சட்டத்தைப் பிடிக்க வேண்டும். தென்காசியில் டாக்டரம்மா எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு, "எண்பத்துநாலு கிலோ இருக்கீங்க. எடை குறைஞ்சா வலி குறையும். முதல்ல பத்து நிமிஷம் மெதுவா நடங்க. வலிச்சா உட்கார்ந்திடுங்க, அவசரப்பட்டா வலி கூடிரும்" என்றார். இருபத்திரண்டு வருடம் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்த சங்கரபாண்டி பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தான். எடை குறைய வேண்டும் என்பது மட்டும்தான் அவன் காதில் விழுந்தது. மறுநாளே தங்கள் ஊரான இலஞ்சியிலிருந்து அவளை ஓடவிட்டான். இரவுச் சோறு நின்றது. நாற்பது நாளில் ஆறு கிலோ குறைத்துவிட்டேன் என்று தெருவெல்லாம் சொன்னான். கக்கூஸில் உட்கார்ந்தவள் எழ முடியாமல் வாளியைப் பிடித்துக்கொண்டு அழுதது யாருக்கும் தெரியாது. வலியைக்கூடப் பொறுத்துக்கொண்டாள். அவன் கம்பைத் தொட்டதும் தன் கால்கள் தாமாகவே ஓடத் தொடங்குவதுதான் அவளுக்கு அசிங்கமாக இருந்தது.

இன்று அவை ஓடவில்லை.

"அப்போ உக்கி போடு. இருவது. சத்தமா எண்ணு."

எதிரே டீக்கடையில் நின்றவர்கள் கிளாசைக் கையில் வைத்தபடி பார்த்தார்கள். அவள் காதைப் பிடித்து, உட்கார்ந்து எழுந்து நான்குவரை எண்ணினாள். ஐந்தாவதில் வலது முழங்கால் மளுக்கென்றது. ஈரத் தாரில் குப்புற விழுந்தாள். "நடிக்கியாட்டி?" என்று சைக்கிளை ஸ்டாண்டு போட்டு இறங்கி வந்து ஷூக்காலால் இடுப்பில் மிதித்தான். அதே இடத்தில் மறுபடியும் மிதித்தான். அவள் போட்ட அலறலில் கடைக்காரி உலகம்மாள் ஓடிவந்தாள்.

"விடும் அண்ணாச்சி! செத்துப்போவா!"

"எம் பொண்டாட்டி. ஒஞ் சோலியப் பாரு." அவன் உலகம்மாள் பக்கம் திரும்பினான்.

உமாராணி இரண்டு கையாலும் அவன் கணுக்காலைப் பிடித்து இழுத்தாள். தாடை சைக்கிள் மிதிகட்டையில் இடிக்க அவன் மல்லாந்து விழுந்தான். அவள் தவழ்ந்து அவன்மேல் ஏறினாள். எழுபத்தெட்டு கிலோவும் அவன் நெஞ்சின்மேல் இறங்கியது. கம்பு அவள் கைக்கு வந்திருந்தது.

"எண்ணுங்க" என்றாள்.

தோளில் விழுந்தது. மணிக்கட்டில் விழுந்தது. எலும்பு முறியும் சத்தம் அவளுக்குக் கேட்டது.

"எண்ணுங்கன்னா!"

"மூணு..." என்றான், வாயில் ரத்தத்தோடு. "ஏட்டி... நாலு..."

அவன் அழுததற்காக அவள் நிறுத்தவில்லை. ஆறாவது அடிக்குக் கையை ஓங்கியபோது இடுப்பில் தீ வைத்ததுபோல் இருந்தது; கை இறங்க மறுத்தது. உலகம்மாள் கம்பை மெல்ல வாங்கிக்கொண்டாள்.

"போலீசு வருமே, தாயி."

"அவுங்க ஏன் வரணும்? நானே போயிச் சொல்லுதேன்."

கரண்டு கம்பத்தைப் பிடித்து எழுந்தாள். தென்காசிப் பக்கம் திரும்பி, வலது காலை இழுத்து வைத்து நடந்தாள். மினிபஸ் ஒன்று பக்கத்தில் ஊர்ந்தது. "ஏறுதியளா?" என்றான் கண்டக்டர். அவள் தலையை ஆட்டி மறுத்தாள். பஸ் அவளைத் தாண்டிப் போகவில்லை. அதன் பின்னால் கேரளாவிலிருந்து வந்த லாரி, அதன் பின்னால் ஒரு பள்ளி வேன் என்று ஒவ்வொன்றாக, சாரலில் விளக்கைப் போட்டுக்கொண்டு, அவள் நடை வேகத்துக்கே வந்துகொண்டிருந்தன.