சிறுத்தைக்கு முன்னால் போன அத்தான்

1

இந்தக் கதை ஒரு புகைப்படத்தில் பிறந்தது. அதில் என் அத்தான் நான்கு காலில் போகிறார்.

முதலில் வேறு மாதிரிதான் தொடங்கினேன்: ‘பாலைவனத்தில் நிலவு எழுந்தபோது, பசித்த ஓநாய் ஒன்று மணலில்—’

(நான் பார்த்த மணலெல்லாம் வீடு கட்டக் கொட்டியது. அதில் படுத்திருந்ததும் நாய்தான். அந்த வரியை அடித்துவிட்டேன்.)

2

அத்தானுக்குக் காட்டில் வேலை. மரங்களில் கேமரா கட்டுவார். எது குறுக்கே போனாலும் கேமரா தானாகவே படம் எடுத்துக்கொள்ளும். கட்டி முடித்ததும், சிறுத்தை உயரத்தில் போவது கேமராவின் கண்ணில் படுகிறதா என்று சோதிக்க வேண்டும். அதற்காகச் சிறுத்தையை வரச்சொல்ல முடியாது. ஆகவே அத்தானே தவழ்வார்.*

வருகிற படங்களைப் பிரித்து வைப்பது, அதே அலுவலகத்தில் என் அக்காவின் வேலை.

* வாலுக்கு அவர் எந்த ஏற்பாடும் செய்வதில்லை.

3

போன வாரம் கட்டிய கேமராவின் படங்கள் நேற்று வந்தன. முதல் படத்தில் அத்தான் தவழ்கிறார். அடுத்த படத்தில், அதே தடத்தில், அதே நடையில் ஒரு சிறுத்தை. படத்தின் ஓரத்தில் அத்தானுடைய ஷூவின் அடிப்பாகம் இன்னும் தெரிகிறது.

4

“பின்னாடி வந்தது தெரியவே இல்லையா?” என்றாள் அக்கா.

“தெரிஞ்சா தவழ்ந்துகிட்டா இருப்பேன்?”

“அப்புறம் ஏன் உங்கள விட்டுச்சு?”

“நம்மாளுன்னு நெனச்சிருக்கும்.”

“கட்டிக்கிட்ட எனக்கே அந்த நெனப்பு வர மாட்டேங்குது.”

நான் சிரித்தேன். அக்கா சிரிக்கவில்லை.

“ஆபீசர் பார்த்தா என்னை நாற்காலியில உட்கார வச்சிருவாரு. ஒரே மாசத்துல செத்துருவேன். அழிச்சிடு” என்றார் அத்தான்.

“காட்டுக்குப் போனா ஒரு மாசம்கூட ஆகாதுங்க.”

5

முடிவு ஒன்று: அக்கா படத்தை அழித்துவிடுகிறாள். சிறுத்தை மனம் திருந்தி—

(திருந்தாது.)

முடிவு இரண்டு: அக்கா படத்தை அதிகாரியிடம் காட்டுகிறாள். அத்தான் நாற்காலியில் உட்கார்ந்தபடி, அவளோடு பேசுவதையே—

6

இதுவரை அக்கா படித்துவிட்டாள்.

“ஏண்டா பாதியிலேயே நிக்குது?”

“நீ என்ன செய்வேன்னு தெரியலக்கா.”

“எனக்கு மட்டும் தெரியுமா? நீயே முடி. எழுதினபடி செஞ்சிடறேன்.”

ஓநாயை ஒரே கோட்டில் அடித்த பேனா இந்த இடத்தில் நகர மறுக்கிறது.

இன்று அத்தான் போவது அதே மரத்துக்கு. வாசலில் உட்கார்ந்து ஷூ மாட்டிக்கொண்டிருக்கிறார். அழிப்பதா, காட்டுவதா? இவ்வளவு தூரம் வந்துவிட்டீர்கள், நீங்களே சொல்லுங்கள்.

கொஞ்சம் சீக்கிரம். ஒரு ஷூ மாட்டியாகிவிட்டது.