இடது பக்கம் திரும்பாத பஸ்

எங்க அக்கா வீட்டுக்காரருக்குப் பட்டறையில வச்ச பட்டப்பேரு நூலு. தச்சு வேலைக்காரங்களுக்கு ஒரு இஞ்சுக்கு எட்டு நூல். அதுல ஒரு நூல் பிசகினாக்கூட மாட்டின கதவைக் கழட்டி மறுபடி மாட்டுற மனுஷன் அவரு. அப்படி ஒரு வேலைக்காரன் கிடைக்க மாட்டான்னு ஊரே மெச்சும். எனக்கு மட்டும் அந்தப் பேரைக் கேட்டாலே பத்திக்கிட்டு வரும். ஏன்னு சொல்றேன், கேளுங்க.

அக்காவுக்கு ஸ்கூல் பஸ்ஸுல வேலை. பிள்ளைங்களை ஏத்தணும், இறக்கணும், மூக்கைத் துடைச்சு விடணும், சண்டையை விலக்கணும். பிள்ளைங்க அவளை பஸ் ஆன்ட்டின்னு கூப்பிடும். மாமா கண்டக்டரம்மான்னு கூப்பிடுவாரு. "என்ன கண்டக்டரம்மா, இன்னைக்கு டீ கிடைக்குமா, இல்ல டிக்கெட் எடுக்கணுமா?" தினமும் இதே ஜோக்கு. தினமும் அவளும் சிரிப்பா. எனக்குத் தலையில அடிச்சுக்கலாம் போல இருக்கும்.

அந்த பஸ்ஸுல அக்கா வச்சதுதான் சட்டம். கிளம்புறதுக்கு முன்னாடி தலை எண்ணுவா. சரியா இருந்தா பஸ்ஸோட பக்கத் தகரத்துல உள்ளங்கையால ரெண்டு தட்டு தட்டுவா. அது கேட்காம டிரைவர் கியரைத் தொட மாட்டாரு. ஒரு தலை குறைஞ்சாலும் வண்டி நகராது. ஒரு தடவை மழையில எல்லாரும் காத்துக்கிட்டு நிக்க, பெரிய டீச்சர் வந்து கத்தியும் இவ அசையல. கடைசியில பார்த்தா ஒரு வாண்டு கிளாஸ் பெஞ்சுக்கு அடியில தூங்கிக்கிட்டு இருந்திருக்கு. "இதை விட்டுட்டுப் போகச் சொன்னீங்களே"ன்னு அவங்க மூஞ்சிக்கு நேரா கேட்டுட்டு, பிள்ளையைத் தூக்கிட்டு வந்து ஏத்தினா. அதுக்கப்புறம்தான் அந்த ரெண்டு தட்டு.

பெட்ரோல் பங்க் சிக்னல்ல ஸ்கூலுக்கு ரைட்ல திரும்பணும். லெஃப்ட்ல போனா மலை. வெயில் தெளிவா இருக்கிற நாள்ல ஜன்னல் வழியா நீலமாத் தெரியும். இத்தனை வருஷமா அவ அதை நின்னுக்கிட்டே பார்த்தவ, பஸ் ஓடும்போது அவளுக்கு உட்கார ஏது நேரம்? "இந்த வண்டி ஒரு நாள் கூட லெஃப்ட்ல திரும்பினதில்லடி. நானும்தான்"னு சொல்லுவா.

அப்புறம் அவ கையில இருந்து சாமான் நழுவ ஆரம்பிச்சுது. முதல்ல பிள்ளைங்களோட தண்ணி பாட்டில். அப்புறம் வீட்டுல டம்ளர். ஒரு நாள் பஸ் படியிலயே முழங்கால் மடங்கி விழுந்துட்டா. பெரிய ஆஸ்பத்திரியில எல்லா டெஸ்ட்டும் எடுத்துட்டு, டாக்டர் என்னையும் மாமாவையும் மட்டும் வெளிய கூப்பிட்டுச் சொன்னாரு. நரம்பு நோய். முதல்ல கை, அப்புறம் கால், கடைசியா மூச்சு. மருந்து கிடையாது. மூஞ்சியைக் கழுவிட்டு உள்ள போனோம். அக்கா எங்க ரெண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தா. "என்ன ரகசியம்? தலை எண்ணிப் பொழைச்சவ நான். மிச்ச நாளை எண்ணத் தெரியாதா எனக்கு?" அப்படியொரு வாய் அவளுக்கு. எனக்கு வாய் எங்க இருந்து வந்துச்சுன்னு நினைச்சீங்க?

வேலையை விட்டு நின்னா. அந்த வருஷமே ஸ்கூல்ல பழைய பஸ்ஸை வித்தாங்க. அதே பஸ். மாமா வாலிபத்துல மர லாரி ஓட்டினவரு. போய்ப் பேசி வாங்கி, தானே ஓட்டிக்கிட்டு வந்து வீட்டுப் பக்கத்துல நிறுத்திட்டாரு. "இதையே வீடாக்கித் தர்றேன். இனி நீ நிக்க வேணாம், படுத்துக்கிட்டே மலையைப் பாரு"ன்னாரு. அக்கா அழுது நான் பார்த்தது அன்னைக்குத்தான்.

"ஒரு படுக்கை, ஒரு அடுப்பு, ஒரு ஜன்னல், போதும். மலையில ஒரே ஒரு நாள் கண் முழிச்சா போதுங்க எனக்கு" அப்படின்னா. இவ்வளவுதான் அவ கேட்டது. இதை ஞாபகம் வச்சுக்கோங்க.

வேலை ஆரம்பிச்சுது. துருப்பிடிச்ச போல்ட்டை எல்லாம் அறுத்து சீட்டுகளைக் கழட்டினாரு. அடியில இருந்து காய்ஞ்ச பபுள்கம், பென்சில் துண்டு, ஒத்தைக் கால் சாக்ஸ், ஹேர் கிளிப்புன்னு வந்துக்கிட்டே இருந்துச்சு. ஒவ்வொரு கிளிப்பும் யாரோடதுன்னு அக்கா சொன்னா. தகரச் சுவருக்கு உள்பக்கம் தெர்மாகோல் ஒட்டி, மேல பலகை அடிச்சாரு. பின்னாடி படுக்கை. நடுவுல ஒரு பக்கம் அடுப்பு மேடை, எதிர்ப் பக்கம் அலமாரி. ஜன்னல் திரை, மெத்தை உறை எல்லாம் நான் தைச்சேன். அவங்க வீட்டு முன் ரூம்லதான் என் தையல் மெஷின், மாடியில நான்.

அடுப்பு மேடையை வைக்கிறதுக்கு முன்னாடி அக்காவை பஸ்ஸுக்குள்ள நடக்கச் சொன்னாரு. அப்ப அவ சுவரைப் பிடிச்சுப் பிடிச்சு நடப்பா. "ரெண்டு கையையும் விரிச்சுக்கிட்டு நட"ன்னாரு. அவ நடக்க நடக்க, கை எட்டுற இடத்துக்கு நேரா தரையில பென்சிலால கோடு போட்டாரு. எங்க தடுமாறினாலும் ரெண்டு பக்கமும் பிடிக்க ஏதாவது இருக்கணுமாம். அந்தக் கோட்டுலதான் மேடையும் அலமாரியும் வந்துச்சு. அவ உள்ளங்கையில குத்தக் கூடாதுன்னு விளிம்பையெல்லாம் தேய்ச்சு உருட்டினாரு. தேய்ச்சாரு, தேய்ச்சாரு, தேய்ச்சுக்கிட்டே இருந்தாரு.

ஆள் கண் முன்னாடி கரைஞ்சுக்கிட்டு இருக்கா, இவரு உப்புத்தாளை மாத்தி மாத்தித் தேய்க்கிறாரு! எனக்கு வாயில நல்லா வந்துடும்.

"மாமா, மெத்தையைப் போட்டுட்டுக் கிளம்புங்க. அரைகுறையா இருந்தா மலை என்ன கோவிச்சுக்குமா?"

"வார்னிஷ் காயட்டும்மா."

"வார்னிஷ் காயுறதுக்குள்ள அவ காய்ஞ்சிடுவா!"

அக்கா உள்ள இருந்து, "ஏய், என் புருஷனைத் திட்டாதடி. திட்டுறதுக்கு நான் இன்னும் இருக்கேன்"னு குரல் குடுத்தா.

கடைசிப் பூச்சு வார்னிஷ் காய்ஞ்ச வாரம் வீட்டுக்குச் சக்கர நாற்காலி வந்துடுச்சு. முன் வாசல்ல பலகையைச் சரிவாப் போட்டு, அவளை உட்கார வச்சுத் தள்ளினோம். டிரைவர் சீட்டைத் தாண்டினோம். அடுப்பு மேடைகிட்ட டக்குன்னு நின்னுச்சு. மாமா நாற்காலியைக் கொஞ்சம் திருப்பிப் பார்த்தாரு, லேசாத் தூக்கிப் பார்த்தாரு. ஊகூம். சக்கரத்துக்கும் அலமாரிக்கும் நடுவுல விரல் நுழைய இடமில்ல. கை பிடிக்கிறதுக்குன்னு அவ்வளவு பக்கத்துல வச்சது. இப்ப பிடிக்கிறதுக்குக் கையும் வரல, போறதுக்கு வழியும் இல்ல.

டேப்பை எடுத்து அளந்தாரு. அளந்ததையே திரும்பத் திரும்ப அளந்தாரு. அப்புறம் டேப்பைக் கீழ போட்டுட்டுப் படியில உட்கார்ந்து, சின்னப் பிள்ளை மாதிரி தேம்பித் தேம்பி அழுதாரு. என்னால திட்டக் கூட முடியல.

எனக்குத்தான் பின் கதவு ஞாபகம் வந்துச்சு. ஆபத்துன்னா பிள்ளைங்க குதிக்கிறதுக்குன்னு பஸ்ஸுக்குப் பின்னாடி ஒரு கதவு இருக்குமே, அது. திறந்தா வெளிய. உள்ள நேரா படுக்கை. மாமா தலைப்பக்கம், நான் கால்பக்கம் பிடிச்சு, அவளைத் தூக்கி அப்படியே மெத்தையில சரிச்சோம். கதவைத் திறந்ததும் அந்த எச்சரிக்கை பஸர் காது கிழியக் கத்துச்சு. அக்கா சிரிச்சா பாருங்க, அப்படி ஒரு சிரிப்பு.

"நெருப்புன்னா இது வழியா வெளிய குதிங்கன்னு பழக்கிக் குடுத்தவடி நான். இது வழியா உள்ள வந்த முத ஆளும் நான்தான்."

தலையணையில சாய்ச்சோம். நான் தைச்ச திரையை விலக்கினேன். எதிர்ல எங்க வீட்டுச் சுவரும் துணி காயுற கொடியும்தான். அவ அதையே ஆசையாப் பார்த்தா. "ஏங்க, இப்பவே கிளம்புங்க"ன்னா.

மாமா தலையை ஆட்டினாரு. "இல்லம்மா. மூட்டை ஏத்துற மாதிரி உன்னைப் பின்னாடி ஏத்திக்கிட்டுப் போகமாட்டேன். ரெண்டே வாரம். எல்லாத்தையும் பிரிச்சுத் தள்ளி வைக்கிறேன். நீ முன் வாசல்ல ராணி மாதிரி ஏறணும்."

"ராணியும் வேணாம், கோணியும் வேணாம். எனக்கு லெஃப்ட்ல திரும்பணுங்க. அவ்வளவுதான்."

"ரெண்டே வாரம். என் தங்கம்ல."

அக்கா என்னைப் பார்த்தா. "தட்டுடி. ரெண்டு தட்டு தட்டு, அவரு கிளம்பிடுவாரு." அவ கை அசையல, அதனால என்கிட்ட கேட்டா. நான் கையைத் தூக்கினேன். அதுக்குள்ள மாமா என்னைப் பார்த்தாரு. அந்த மூஞ்சியைப் பார்த்துட்டு யாரால தட்ட முடியும்? கையை இறக்கிட்டேன்.

மறுநாள் கடப்பாரை சத்தம் கேட்டுச்சு. தேய்ச்சுத் தேய்ச்சு வச்ச மேடையை அவரே பேர்த்தாரு. ஒடுக்கமா வேற மேடைக்குப் பலகை அறுத்தாரு. அக்கா கட்டில்ல கிடந்து அந்த ரம்பச் சத்தத்தைக் கேட்டுக்கிட்டே இருப்பா. "முடிஞ்சுதா?"ன்னு கேட்பா. அப்புறம் அதுவும் குழறிப் போய், நான் பக்கத்துல காதை வச்சாத்தான் புரியும். புரிஞ்சாலும் சொல்றதுக்கு என்கிட்ட என்ன இருக்கு? "இதோ ஆச்சுக்கா. ஆச்சு."

ரெண்டு வாரம் முடியல. சளி நெஞ்சுல இறங்கிடுச்சு. ஆம்புலன்ஸ்ல நான் அவ கையைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தேன். பெட்ரோல் பங்க் சிக்னல் வந்துச்சு. அவளுக்கும் தெரிஞ்சுது, கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தா. ஆஸ்பத்திரியும் ஸ்கூல் பக்கம்தான். வண்டி ரைட்ல திரும்புச்சு.

அவ திரும்பி வரல.

எல்லாம் முடிஞ்சு, வந்தவங்க போய், வீடு காலியானதுக்கு மறுநாளே ரம்பச் சத்தம் மறுபடி கேட்டுச்சு. எங்க இருந்துதான் அவ்வளவு ஆத்திரம் வந்துச்சோ, கத்திரிக்கோலைக் கூடக் கீழ வைக்காம பஸ்ஸுக்குள்ள ஏறிட்டேன். நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி கேட்டேன். யாருக்கு இந்த மேடை? யாரு வந்து சமைக்கப் போறா? அவ கெஞ்சினாளே, அன்னைக்கே எடுத்திருந்தா பார்த்திருப்பாளே, உங்க நூலுக்கு என் அக்காதான் கிடைச்சாளா?

அவரு ரம்பத்தை நிறுத்தினாரு. தரையைப் பார்த்துக்கிட்டே பேசினாரு. "முடிச்சுட்டா கிளம்பணும். கிளம்பினா திரும்பி வரணும். வந்துட்டா அப்புறம் அவளுக்குன்னு என்ன பாக்கி இருக்கு? வேலை பாக்கி இருக்கிற வரைக்கும் போகமாட்டான்னு நினைச்சேன்மா."

"பைத்தியமா மாமா உங்களுக்கு?"

"ஆமா"ன்னாரு.

அவரு மேல இருந்த கோபம் போச்சான்னு கேட்காதீங்க. போகல. ஆனா கத்திரிக்கோலை வச்சுட்டு அவரு பக்கத்துலயே உட்கார்ந்து அழுதேன். அழுறதுக்கு எனக்கு வேற யாரு இருக்கா?

அவரு வேலையை முடிச்சாரு. ஒரு நாள் காலையில தைச்சுக்கிட்டு இருக்கேன், பஸ் ஸ்டார்ட் ஆகுற சத்தம் கேட்டுச்சு. சரி, எங்கயோ எடுக்குறாருன்னு விட்டுட்டேன். எஞ்சின் ஓடிக்கிட்டே இருக்கு. நான் ஒரு ஜாக்கெட்டுக்குக் கை வச்சு முடிச்சுட்டேன், வண்டி இன்னும் அங்கயேதான் உறுமிக்கிட்டு இருக்கு. எழுந்து போய்ப் பார்த்தேன்.

ஸ்டியரிங்கைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்காரு. அவரு சீட்டுக்குப் பின்னாடி அவளோட சக்கர நாற்காலி. அகலம் சரியான்னு பார்க்க உள்ள கொண்டு வந்தது.

"என்ன மாமா?"

"எண்ணிப் பாரும்மா. ஒரு தலை குறையுது. எப்படி எடுப்பேன்?"

அவரையும் என்னையும் விட்டா வேற எண்ண யாரு இருக்கா? அக்கா இருந்திருந்தா வண்டி நகர்ந்திருக்காது, போய்த் தேடித் தூக்கிட்டு வந்திருப்பா. அவளை எங்க போய்த் தேடுறது?

படியில நின்னு, கையை வெளிய நீட்டி, தகரத்துல ரெண்டு தட்டு தட்டினேன். அன்னைக்கே தட்டியிருக்க வேண்டியது. உள்ளங்கை எரிஞ்சுது.

அவரு கியர் போட்டாரு.

சிக்னல்ல லெஃப்ட் இண்டிகேட்டரைப் போட்டாரு. அது வேலை செய்யுதா இல்லையான்னே எங்களுக்குத் தெரியாது, செஞ்சுது. பச்சை விழுந்துச்சு. அந்த பஸ் முதல் தடவையா லெஃப்ட்ல திரும்புச்சு. எதிர்ல மலை, கண்ணாடி நிறைய.

நேர் ரோடு வந்ததும் வண்டி வேகம் எடுத்துச்சு. பின்னாடி ஏதோ உருள்ற சத்தம். திரும்பிப் பார்த்தேன். நாற்காலிக்கு பிரேக் போட மறந்திருக்கோம். அது தானா உருண்டு பின்னாடி போய்க்கிட்டு இருக்கு. அடுப்பு மேடையைத் தாண்டுச்சு, அலமாரியைத் தாண்டுச்சு, நேரா அவ படுக்கைகிட்டப் போய் நின்னுச்சு.

மாமா திரும்பல. ரோட்டைப் பார்த்துக்கிட்டே கேட்டாரு.

"எங்கயாவது இடிச்சுதா?"

"இல்ல மாமா"ன்னேன். "ஒரு நூல் கூட உரசல."