வண்டிப் போர்வை

முகாமுக்கும் ஆஸ்பத்திரிக்கும் நடுவே ஒரே ஒரு பாலம், அதுவும் எதிரியின் கையில். இருந்தாலும் சிவப்புக் குறி போட்ட ஆம்புலன்ஸை அவர்கள் ஒருநாளும் தொட்டதில்லை. அந்த வண்டியைச் சோதிப்பதில்லை, அந்த வண்டியில் ஆயுதம் ஏற்றுவதுமில்லை என்று இரண்டு தரப்பும் ஒப்புக்கொண்டிருந்தன. பாலத்துக் காவலில் நிற்கும் மீசைக்காரர் டிரைவரைத் தூரத்தில் பார்த்ததுமே கை காட்டி அனுப்பிவிடுவார். எதிரி என்றாலும் முகம் பழகிவிட்டது.

போன வாரம்தான் அந்த வினை வந்து சேர்ந்தது. டிரைவரின் அக்கா புருஷன் முகாமில் அதிகாரி. ஆஸ்பத்திரிப் பக்கமிருந்து காலியாகத் திரும்புகிற வண்டியில் ரெண்டே ரெண்டு தோட்டாப் பெட்டி வரட்டும் என்றார்.

“ஸ்ட்ரெச்சருக்கு அடியில வெச்சுட்டா யாருக்குத் தெரியப்போகுது, மாப்ளே?”

மச்சான் கிணற்றில் குதி என்றால் ஆழம் கூடக் கேட்காத ஆள் நம் டிரைவர். பெட்டிகள் கடகடவென்று ஆடிக் காட்டிக்கொடுக்கக் கூடாதென்று வண்டிப் போர்வையால் வேறு சுற்றினான். அவ்வளவு கெட்டிக்காரன்! மீசைக்காரர் வழக்கம்போல் கை காட்டினார்.

இன்று அதே ஸ்ட்ரெச்சரில் மச்சான் கிடந்தார். தொடையில் குண்டு, ரத்தம் நிற்கவில்லை. அரை மணி நேரத்துக்குள் ஆபரேஷன் மேசைக்குப் போனால் பிழைப்பார் என்று முகாம் டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார்.

பாலத்தில் குறுக்கே கட்டை போட்டிருந்தது. டிரைவர் குதித்திறங்கிக் கெஞ்சினான். மீசைக்காரர் ஒரு போர்வையை நீட்டினார். அதில் சிவப்புக் குறி, ஓரத்தில் வண்டி எண்.

“நீங்க விட்டுட்டு ஓடின காவலரண்ல, தோட்டாப் பெட்டியைச் சுத்தி இருந்துச்சு. அன்னிக்குக் கை காட்டி அனுப்பினவன் நான். என் ஆளுங்க ரெண்டு பேர் செத்துட்டாங்க.”

டிரைவருக்கு நாலு அறை விட்டாலாவது தேவலை என்றிருந்தது. அவர் அடிக்கவில்லை, திட்டவுமில்லை. வண்டியைக் காலி செய்யச் சொன்னார். ஸ்ட்ரெச்சர், சிலிண்டர், மருந்துப் பெட்டி, இருக்கைப் பலகை என்று ஒவ்வொன்றாக இறங்கியது. தன் மருத்துவ வீரனைக் கூப்பிட்டு மச்சானின் தொடையை அழுத்திப் பிடிக்கச் சொன்னதும் அவர்தான். அந்த ஆள் மண்ணில் முழங்காலிட்டு, சட்டையெல்லாம் ரத்தமாக, கடைசிவரை பிடித்திருந்தான். பிறகு அவனே கையை எடுத்தான். வண்டியில் ஒரு தோட்டா கூட இல்லை.

“இதால மூடிக் கொண்டு போ,” என்று மீசைக்காரர் போர்வையைத் திருப்பிக் கொடுத்தார்.

ஆஸ்பத்திரி வாசலில் அக்கா காத்திருந்தாள். அழுது ஓய்ந்ததும் தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“ஆம்புலன்ஸை நிறுத்தி வைக்கிறவன் மனுஷனாடா?”

ஆமாம் என்று தலையாட்டியிருந்தால் போதும், ஊரே அவளோடு சேர்ந்து எதிரியைச் சபித்திருக்கும். டிரைவருக்கு அது முடியவில்லை.

“மனுஷன்தான் அக்கா. நான்தான் இதுல பெட்டி ஏத்தினேன்.”

அக்கா கையை விட்டாள். எந்தப் பெட்டி, எதற்கு ஏற்றினாய் என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். அவன் எல்லாவற்றையும் சொன்னான், ஏற்றச் சொன்னது யார் என்பதைத் தவிர.