குரல் ஏறிய இடம்

எனக்குப் பிரெஞ்சு தெரியாது. தெரியாததால்தான் இந்த வேலையே கிடைத்தது.

பேச்சொலி ஆய்வகம் ஒன்றில் காது கொடுப்பது என் உத்தியோகம். சுவரெல்லாம் பஞ்சு ஒட்டிய சின்ன அறையில் உட்கார்ந்தால், பிரெஞ்சுக்காரர்கள் பேசிய துண்டுகள் ஹெட்போனில் வரும். குரல் எங்கே ஏறுகிறது, எங்கே சரிகிறது என்று தாளில் பென்சிலால் கோடு போட வேண்டும். அர்த்தம் புரிந்தால் மனசு முந்திக்கொண்டு காதை ஏமாற்றிவிடுமாம். அதனால் புரியாதவர்களாகத் தேடி எடுத்தார்கள்.

சேர்ந்த அன்றே, ஆய்வகத்தை நடத்தும் மேடம் சொல்லிக் கொடுத்தார். "அவங்க பேச்சுல எது புதுச் சேதியோ, அது முடியற இடத்துல குரல் ஏறி இறங்கும். ரெண்டு பேருக்கும் ஏற்கனவே தெரிஞ்ச விஷயம் அதுக்குப் பின்னாடி வந்தா, அடங்கித் தட்டையா ஓடிரும்."

போதாதா, என்னைப் போன்ற ஒருத்திக்கு?

என் வீட்டுக்காரர் பிரெஞ்சு பேசும் தேசத்தில் வளர்ந்தவர். கல்யாணமாகிப் பதினோரு வருஷம், வீட்டில் அதில் ஒரு வார்த்தை பேசியதில்லை. ஆனால் இரண்டு மாதமாகச் சனிக்கிழமை காலையில் நான் வாஷிங் மெஷினைப் போட்டதும், மனிதர் பூனை மாதிரி பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறார். போனைக் காதோடு ஒட்டிக்கொண்டு பிரெஞ்சில் குசுகுசு. மெஷின் நின்றால் பேச்சும் நின்றுவிடும்.

"யாருங்க போன்ல?" என்று கேட்டால், "ஆபீஸ்" என்பார்.

சனிக்கிழமை எந்த ஆபீஸ்? அதுவும் பேசப் பேசச் சிரிப்பு வருகிற ஆபீஸ்! எனக்கு மூக்கில் வியர்த்துவிட்டது.

நான் சந்தேகப் பிராணிதான், இல்லையென்று சொல்லவில்லை. சட்டைப் பையைத் துழாவாமல் ஒரு சட்டையைத் துவைக்கப் போட்டதில்லை. பத்து நிமிஷம் தாமதமாக வந்தால் எந்தப் பஸ், பக்கத்து சீட்டில் யார் என்று விசாரித்த பிறகுதான் காபி. ஆனால் இந்தத் தடவை வெறும் சந்தேகம் இல்லை, பயம். இவர் என்னை விட்டுப் போய்விடுவாரோ என்று.

அடுத்த சனிக்கிழமை, பால்கனியில் துணி கிளிப் போட்டு வைக்கும் கூடைக்குள் என் போனைப் பதிவில் வைத்து, மேலே கிளிப்புகளைப் பரப்பினேன். மெஷினைப் போட்டேன். அவரும் வந்து சரியாகக் கூடைக்குப் பக்கத்திலேயே நின்றார்.

கேட்டேன். கேட்டேன் என்றால், இருபது தடவை. ஓர் இடத்தில் அவர் குரல் விறுவிறுவென்று மேலே ஏறிச் சரிந்தது. பின்னால் வந்ததெல்லாம் தட்டை. என்னிடம் அவர் குரல் அந்த உயரத்துக்கு ஏறியதே இல்லை. என்னிடம் பேசுவது முதல் சொல்லிலிருந்து கடைசிச் சொல் வரை இஸ்திரி போட்ட மாதிரி இருக்கும். அப்படியானால் அந்தப் புதுச் சேதி யார்? எந்த மகராசி?

என் காதை நானே நம்பவில்லை. கோபத்தில் இருக்கிற காதாயிற்றே. எங்கள் ஆய்வகத்தில் ஒரு துண்டை இரண்டு பேர் தனித்தனியாகக் கேட்டுக் கோடு போட வேண்டும். எனக்கு ஜோடி, எல்லோரும் ஊமைக்கோட்டான் என்று கூப்பிடும் மனிதர். திங்கட்கிழமை காலையில் என் பங்குக்குக் கோடு போட்டு, அந்தப் பதிவுக்கு ஓர் எண் கொடுத்து அவர் பங்குத் துண்டுகளோடு செருகிவிட்டேன்.

மத்தியானம் தாள் வந்தது. நான் போட்ட அதே இடத்தில் கோடு. மூன்று நாளைக்கு ஒரு வாக்கியம் பேசும் அந்த மனிதர் அன்று பார்த்து வாயைத் திறந்தார். "இந்த ஆளு ரொம்ப நாளா அடக்கி வச்சதைப் பேசற மாதிரி இருக்குங்க."

இருந்த ஆத்திரத்தில் ஒன்றை மறந்து தொலைத்தேன். இரண்டு பேர் கோடும் ஒத்துப்போனால் துண்டு தானாக மேடத்திடம் போய்விடும். மேடத்துக்குப் பிரெஞ்சு தண்ணீர் பட்ட பாடு.

சாயங்காலம் கூப்பிட்டார். "இது நம்ம பதிவு இல்லையே. பின்னாடி வாஷிங் மெஷின் ஓடுது. யாரு இது?"

"என் வீட்டுக்காரர், மேடம்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இன்னொரு தடவை இப்படிப் பண்ணினா வேலை போயிரும்."

"போகட்டும் மேடம். அவ யாருன்னு மட்டும் சொல்லுங்க."

"அவர் அக்கா."

அவருக்கு இருப்பது ஒரே அக்கா. மூன்று வருஷம் முன்னால் ஒரு பீரோவுக்காக நான் சண்டை போட்டு, இனி அவர்கள் சங்காத்தமே கூடாது என்று இவரிடம் சத்தியம் வாங்கிய நாத்தனார். அப்பாடா என்றுதான் முதலில் இருந்தது. சும்மா இருந்திருக்கலாம், என் வாய் சும்மா இருக்குமா?

"அந்த ஏறுற இடத்துல என்ன சொல்றார்?"

மேடம் தயங்கினார். "ஏன் தமிழ்ல பேச மாட்டேங்கறன்னு அக்கா கேட்டிருப்பாங்க போல. அதுக்குப் பதில். இந்த மொழியிலதான், என்னை யாரும் ஒட்டுக் கேக்காம இருக்காங்க, அப்படிங்கறார். 'இந்த மொழியில'ங்கற இடத்துல ஏறுது."

"மிச்சம்?"

"நீங்களே கோடு போட்டிருக்கீங்களே. தட்டை."

தட்டையென்றால் இரண்டு பேருக்கும் ஏற்கனவே தெரிந்தது. நான் ஒட்டுக் கேட்பவள் என்பது அக்காவுக்கும் தம்பிக்கும் பழைய சேதி. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

அந்த வாரம் சனிக்கிழமை மெஷினைப் போட்டுவிட்டுச் செருப்பை மாட்டினேன்.

"எங்க கிளம்பிட்ட?" என்றார்.

"சும்மா தெருக்கோடி வரைக்கும் நடந்துட்டு வரேங்க. நீங்க நிதானமாப் பேசுங்க."

"யாரோட?"

பத்துப் பொய் நாக்கு நுனியில் நின்றன. எல்லாவற்றையும் விழுங்கினேன்.

"உங்க அக்காவோட," என்றேன். "கிளிப் கூடையில போனை வச்சு ஒட்டுக் கேட்டேங்க. தப்புதான். இனிமே கேக்க மாட்டேன், சத்தியமா. பேசுங்க, என்னங்க, பேசுங்களேன்."

அவர் கூடையைப் பார்த்தார். திட்டியிருந்தால் தேவலை. கையிலிருந்த போனை மேசைமேல் கவிழ்த்து வைத்தார். நான் செருப்போடு வாசலிலேயே நின்றேன். மெஷின் சுற்றி முடித்து, தானாக நின்றது. அவர் பால்கனிக்குப் போகவே இல்லை.

"துணியை நான் காயப்போடவா?" என்றார்.

குரல் ஓர் இடத்திலும் ஏறவில்லை.