ஏகாதசியன்று வரது எங்கே இருந்தார்

டெல்பின் அன்றைக்குத் திருச்சி மலைக்கோட்டைப் பக்கம் போனது ஒரு ஆளைப் பழிவாங்கத்தான். வேறு ஒரு வேலையும் இல்லை.

சின்னக்கடை வீதியில் ஒரு ஜவுளிக்கடை மாடி. சினிமாப் பைத்தியமும் அரசியல் பைத்தியமும் சேர்ந்து பிடித்தவர்கள் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே கூடுவார்கள். நடந்த வரலாற்றில் ஒரே ஒரு முடிச்சை அவிழ்த்துவிட்டு, பிறகு என்னவெல்லாம் ஆகியிருக்கும் என்று ஒருவர் சொல்ல வேண்டும். அந்தப் படம் ஊத்திக்கொண்டிருந்தால் எந்தக் கட்சி உடைந்திருக்கும், இந்தக் கட்சி உடையாதிருந்தால் எந்த நடிகர் வீட்டில் கிடந்திருப்பார் என்று மணிக்கணக்கில் ஓடும். அப்படி நடந்திருக்க வழியே இல்லை என்று படுகிறவர் ‘ஒட்டலை’ என்று கை தூக்கலாம். தூக்கிவிட்டுச் சும்மா உட்கார முடியாது, ஏன் ஒட்டவில்லை என்று சாட்சியோடு நிரூபிக்க வேண்டும்.

கை தூக்குவதில் ராஜா, ஸ்ரீரங்கத்து லக்ஷ்மிகாந்த். அவருடைய அப்பா வரதுதான் ‘கொள்ளிடத் தீர்ப்பு’ படத்துக்கு வசனம். டைட்டிலில் அப்படித்தான் இருக்கிறது. அந்தப் படத்தின் கோர்ட் சீன் வசனத்தை ஊர் ஊராகப் பேசித்தான் கதாநாயகன் விடியற்கொடிக் கட்சியை ஆரம்பித்தார், ஆட்சியையும் பிடித்தார். அடுத்த வாரம் கட்சிக்காரர்கள் திருச்சியில் புதுக் கலையரங்கத்துக்கு வரதுவின் பெயரை வைக்கப்போகிறார்கள். கோர்ட் சீன் எழுதப்பட்ட கதையை லக்ஷ்மிகாந்த் சொல்லாத மேடை கிடையாது. கிறிஸ்துமஸுக்கு முந்தின நாளாம், சென்னை ஸ்டுடியோ வாசலில் ஸ்டார் விளக்குக் கட்டிக்கொண்டிருந்தார்களாம். கதாநாயகன் பழைய வசனத்தைக் கிழித்துப்போட, அப்பா செட்டிலேயே உட்கார்ந்து பொழுது சாய்வதற்குள் புதிதாக எழுதிக் கொடுத்தாராம்.

எழுதினார், எழுதினார்! எழுதியது டெல்பினின் அப்பா சவரிராயன். பள்ளிக்கூடத்தில் தமிழ் வாத்தியார், லீவு நாட்களில் வரதுவுக்கு உதவியாளர். அந்தக் கிறிஸ்துமஸுக்கு மனுஷன் வீட்டுக்கே வரவில்லை என்று அம்மா ரோசரி சாகும்வரை திட்டித் தீர்த்தாள். அப்பா மட்டும் ஒரு நாளும் வெளியே வாய் திறக்கவில்லை.

போன வருஷம் அவர் செத்துப்போனபோது லக்ஷ்மிகாந்த் மாலையோடு வந்தார். துக்கத்துக்கு வந்தவர்கள் அத்தனை பேர் முன்னாலும், “பாவம், எங்கப்பா சொல்லச் சொல்ல அழகா காப்பி எழுதிக் குடுப்பார்” என்று சொல்லிவிட்டுப் போனார். இந்த ஆளை இவர் வாயாலேயே உண்மையைச் சொல்ல வைக்காவிட்டால் நான் சவரிராயன் மகள் இல்லை என்று சவப்பெட்டியை மூடும்போதே டெல்பின் சபதம் போட்டாள்.

அதற்குப் பிறகுதான் இந்தக் கூட்டத்தில் சேர்ந்தாள். மாதக்கணக்கில் பின்வரிசையில் உட்கார்ந்து அவரையே கவனித்தாள். வரதுவின் வசனம் மட்டம் என்று யாராவது சொன்னால்கூட லக்ஷ்மிகாந்த் சிரித்துக்கொள்வார். ஆனால் ‘உங்கப்பா ஏகாதசிக்கு இட்லி சாப்பிட்டிருந்தால்’ என்று ஒருத்தர் விளையாட்டுக்குச் சொன்னதற்கு, அவரோடு பேச்சையே நிறுத்திவிட்டார். அன்றைக்கு வீட்டுக்குப் போனதும் டெல்பின் பழைய பஞ்சாங்கம் தேட ஆரம்பித்தாள்.

இந்த ஞாயிற்றுக்கிழமை லக்ஷ்மிகாந்துக்குப் பாராட்டு. அதனால் அவருடைய அம்மா அரவிந்தவல்லியும் முன்வரிசையில் இருந்தார். லக்ஷ்மிகாந்தின் மகள் மேகனா எல்லாவற்றையும் போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தாள். டெல்பின் மைக்கை வாங்கினாள்.

“நான் அவுக்கிற முடிச்சு சின்னதுதாங்க. கொள்ளிடத் தீர்ப்பு எடுத்த அந்த மார்கழியில, வைகுண்ட ஏகாதசி அன்னிக்கு வரது சார் கோயிலுக்குப் போகலை. ஜங்ஷன் பக்கம் ஒரு லாட்ஜுல சீட்டு ஆடிட்டு இருந்தார்.”

விஷயம் பேப்பரில் வந்து ஸ்ரீரங்கமே சிரித்தது, கட்சி அந்தத் தொகுதியில் டெபாசிட்டைப் பறிகொடுத்தது என்று அவள் கூசாமல் அடுக்கிக்கொண்டே போனாள். லக்ஷ்மிகாந்த் கை தூக்கவில்லை, ஆளே எழுந்துவிட்டார்.

“ஒட்டலை. சீட்டா? எங்கப்பாவா? அன்னிக்கு விடியக்காலம் பரமபத வாசல் திறக்கறச்சே என்னைத் தோள்ல தூக்கிண்டு நின்னார். பெருமாள் ராத்திரி மூலஸ்தானம் திரும்பற வரைக்கும் பச்சைத் தண்ணி பல்லுல படலை. கோயிலை விட்டு நகரவே இல்லை. அம்மாவைக் கேளுங்கோ.”

அரவிந்தவல்லியும் தலையாட்டினார். அந்த வருஷ ஏகாதசிக் கூட்டத்தில்தான் பிள்ளையின் வெள்ளி அரைஞாண் தொலைந்ததாம், நாள் பூராவும் அப்பாவும் பிள்ளையும் பிராகாரம் பிராகாரமாகத் தேடினார்களாம். இதைவிட என்ன சாட்சி வேண்டும் என்று எல்லோரும் கை தட்டினார்கள். டெல்பினும் தட்டினாள்.

“ஒத்துக்கறேங்க. சார் அன்னிக்கு முழுக்க ஸ்ரீரங்கத்துலதான் இருந்தார். ஆனா அந்த வருஷம் ஏகாதசி, கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் வந்துச்சு. பஞ்சாங்கம் பாத்துட்டுத்தான் வந்திருக்கேன். அப்ப சென்னையில செட்டுல உக்காந்து கோர்ட் சீனை எழுதினது யாருங்க?”

கை தட்டல் நின்றது. கூட்டத்தை நடத்துகிற சுரேஷ்குமார், ஸ்டார் விளக்குக் கதையை லக்ஷ்மிகாந்த் வாயாலேயே பலமுறை கேட்டிருப்பதாக மெல்லச் சொன்னார். லக்ஷ்மிகாந்துக்கு எல்லாம் தெரியும் என்பது அந்த முழியிலேயே தெரிந்தது. அப்பா முந்தின ராத்திரியே காரில் கிளம்பியிருக்கலாம், தனக்குத்தான் ஞாபகப் பிசகு என்று ஏதோ ஆரம்பித்தார். அரவிந்தவல்லி அவர் வேட்டி நுனியைப் பிடித்து இழுத்தார்.

“கலையரங்கமும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். அவர் பெருமாளை விட்டுட்டுப் போனார்னு மட்டும் சொல்லிடாதேடா.”

லக்ஷ்மிகாந்த் அம்மாவைப் பார்த்தார், மகளைப் பார்த்தார், கடைசியில் தரையைப் பார்த்தார்.

“சவரிராயன்” என்றார்.

இதைக் கேட்டதும் நெஞ்சு ஆறிவிடும் என்று டெல்பின் நினைத்திருந்தாள். ஆறவில்லை. மேகனாவின் கை தானாகத் தாழ்ந்திருந்தது. போனைத் தூக்கிப் பிடிக்கும்படி டெல்பின் அவளுக்குச் சொன்னாள். பிறகு மைக்கைக் கொண்டுபோய் லக்ஷ்மிகாந்தின் வாய்க்கு நேரே நீட்டினாள். அவர் சொன்னார், கோர்ட் சீனை எழுதினது வாத்தியார் சவரிராயன், எங்கப்பா இல்லை என்று. அரவிந்தவல்லி புடவைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டார். சுரேஷ்குமார் எழுந்து வந்து, போதும், விட்டுவிடுங்கள் என்று கெஞ்சினார். டெல்பின் அவர் பக்கம் திரும்பவே இல்லை.

“இன்னொரு தடவை சொல்லுங்க” என்றாள்.